பாஸ்போர்ட் வயசு

பல் விளக்கும்போதே உமாபதி முடிவு செய்துவிட்டார். மாமியார் தன் ஊருக்குத் திரும்பிப் போயே ஆக வேண்டும். இன்னொரு கோடையை ஹாலில் பாய் விரித்து வேர்த்துக் கழிக்க அவர் தயாராக இல்லை.

முழங்கால் வலிக்கு மூன்று மாதம் வைத்தியம் என்று பஹ்ரைன் வந்த பஞ்சவர்ணத்தம்மாள், இரண்டு வருஷமாகக் குதைபியா பேட்டையிலிருந்த அவர்கள் வீட்டின் ஒரே ஏ.சி. அறையில் குடியிருந்தாள். எல்லாம் அந்த இலவச வைத்திய அட்டை தந்த தைரியம். அவர் மனைவி பத்மா நர்ஸாக இருந்த சர்க்கார் ஆஸ்பத்திரியில், ஊழியர் வீட்டில் அறுபது வயதான ஒருவருக்கு அந்த அட்டை உண்டு. இந்த வாரம் எல்லா அட்டைகளையும் பாஸ்போர்ட்டோடு சரிபார்க்கிறார்கள் என்று பத்மாவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

இது நியாயமா என்று உமாபதி தன்னையே கேட்டுக்கொண்டார். முதுகில் வேர்வை வழிந்தது. நியாயம்தான்.

"உங்கம்மாவுக்குப் பாஸ்போர்ட்ல என்ன வயசு?"

"அம்பத்திரண்டு. மெட்ராஸ் ஏஜென்ட் வாய்க்கு வந்ததைப் போட்டான்."

"உனக்கு?"

"நாப்பத்தி நாலு."

"எட்டு வயசுல உன்னைப் பெத்தாங்களா?"

"உள்ளதான் இருக்காங்க. போய்க் கேளுங்க."

"கேக்க வேண்டாம். அட்டைக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கு. பேரை எடுத்துடு."

"நிஜ வயசு அறுபத்தேழுங்க!"

"நிஜம் யாருக்கு வேணும்? நீ சொல்றியா, நான் வந்து ஆபீஸ்ல சொல்லட்டுமா?"

"அப்போ பாஸ்போர்ட்ல இருக்கிறதுதான் வயசு?"

"அதேதான்!"

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"செத்தாலும் மாற மாட்டேன்."

பத்மா டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. கல்யாணமான நாளாக அவள் இப்படித் தோற்றதில்லை. கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் பம்பாய்க் கப்பலில் இடம் விசாரிக்கப் போனார்.

சாயங்காலம், இடம் இருக்கிறது என்ற சந்தோஷத்தோடு படியேறி வந்தார்.

"அம்மா பேரை எடுத்தாச்சுங்க," என்றாள் பத்மா.

"பேஷ்!"

"அட்டையை வீணாக்க மனசில்லை. உங்க பேரைக் கொடுத்துட்டேன்."

"எனக்கு அம்பத்தேழுதானேடி!"

"பாஸ்போர்ட்ல அறுபது. சீக்கிரம் பள்ளிக்கூடத்துல சேர்க்க உங்கப்பா மூணு வருஷம் கூட்டிப் போட்டாரே. பேச்சு மாற மாட்டீங்கதானே?"

உமாபதி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"தொலையட்டும். உங்கம்மாவுக்குக் கப்பல்ல இடம் பார்த்துட்டேன்."

"அம்மா எங்கே போறாங்க? பிரசவ வார்டுல ஆயா வேலை காலியா இருந்துச்சு. அம்பத்தஞ்சுக்குள்ள இருக்கணும்னாங்க. பாஸ்போர்ட்டைக் காட்டினேன். ரெண்டு வருஷ விசா."

"அந்த முழங்காலை வச்சுக்கிட்டா?"

"உக்காந்து குழந்தைகளைப் பார்த்துக்கிற வேலைதான். ஸ்டாஃப்புக்கு வைத்தியம் வேற இலவசம்."

வெள்ளைச் சேலையும் பவுடருமாக வெளியே வந்த பஞ்சவர்ணத்தம்மாள், மருமகனைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"வயசான காலத்துல வெயில்ல எதுக்கு மாப்பிள்ளை அலையிறீங்க? அதான் சின்னவங்க நாங்க ரெண்டு பேர் சம்பாதிக்கிறோமே."