திருவொற்றியூர் அம்பாசிடர்

எந்த அரசாங்கமும் நியமிக்காமல், எந்த நாட்டுக்கும் சார்பாக இல்லாமல், வாழ்நாள் முழுக்கத் தூதராக வேலை பார்த்த ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் அம்பாசிடர் நைனாதான்.

துறைமுக வாசலில் அம்பாசிடர் கார் வாடகைக்கு ஓட்டியவர் அவர். கப்பலிலிருந்து இறங்கும் வெளிநாட்டு மாலுமிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது தொழில். கார் துருப்பிடித்துக் காயலான் கடைக்குப் போன பிறகும் பெயர் மட்டும் அவரோடு தங்கிவிட்டது. நாளடைவில் அது காரின் பெயர் என்பதை மறந்து, தன் பதவி என்றே நம்பத் தொடங்கினார். ஏழெட்டு பாஷைகளில் வணக்கம் சொல்லத் தெரியும். அதே பாஷைகளில் கெட்ட வார்த்தைகளும் தெரியும். எது எது என்பதில்தான் குழப்பம். ஒரு கிரேக்கக் கப்பல் கேப்டனை இரண்டு கையையும் கூப்பி மனதார வரவேற்று, அந்த ஆள் துரத்த, மீன் லாரிக்கு அடியில் ஒளிந்து தப்பித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

நான் தூத்துக்குடிக்காரன். கப்பல் கயிறும் பெயின்ட்டும் விற்கும் கடையை அவர் தெருவில் திறந்த அன்றைக்கே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"எந்த நாடு நீ?"

"தூத்துக்குடி, அண்ணாச்சி."

"அண்ணாச்சியா? அப்ப ஃபாரின்தான். ஞாயித்துக்கெழம சாய்ந்திரம் பீச்சாண்ட வந்துரு. க்ளப்பு கீது."

வெளியூரிலிருந்து பிழைக்க வந்து, இங்கே பேச ஆளில்லாதவர்களுக்காக அவர் நடத்திய கிளப் அது. அவர் பீச் என்று சொன்ன இடத்தில் மணலே கிடையாது. கடல் ஊரைத் தின்றுவிடாமல் இருக்கக் கொட்டிய கருங்கல் குவியல்தான். முதுகுக்குப் பின்னால் மைல்கணக்கில் கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு நிற்கும். எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கம் இருந்து காற்றடித்தால் டீயில் கரி மிதக்கும். ஆனால் அவருக்கு அது டூரிஸ்ட் பீச்.

"கோவாவுல இன்னா கீது? மண்ணு. நம்மளுது கல்லு. கால்ல ஒட்டாது பாரு!" என்பார்.

கிளப்புக்குச் சட்டம் உண்டு. அவரவர் ஊர்ச் சாப்பாடு கொண்டுவர வேண்டும். இருட்டிய பிறகு வீட்டைப் பற்றிப் பேசக் கூடாது. "அய்துகினே போனான்னா அட்த்த வாரம் வரமாட்டான்" என்பது காரணம். எதற்காக இந்த வேலை என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு பதில் வரும். ஒருநாள், பெண்டாட்டி போன பிறகு வீட்டில் பேச்சுத் துணை இல்லை என்பார். மறுநாள், "டூரிசம் டெவலப் பண்றேன், உனுக்கு இன்னா?" என்பார்.

வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் இருவர் நிரந்தரம். காட்டுப்பள்ளிக் கப்பல்கட்டும் தளத்தில் ஒப்பந்த இன்ஜினீயராக இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ரமோன் ஒருவர். முதல் நாள் நைனா வறுத்த நெத்திலிக் கருவாட்டை நீட்டியதும் முகர்ந்து பார்த்து, இது எங்க ஊர் வாசனை என்று இங்கிலீஷில் சொல்லி விம்மிவிட்டார். இருட்டுவதற்கு நேரம் இருந்ததால் நைனா அனுமதித்தார்.

இன்னொருவன் பிக்ரம். ஒடிசாக்காரன், கன்டெய்னர் யார்டில் வெல்டர். முப்பது வயது இருக்கும். ஊரில் மனைவியும் சின்னப் பெண் குழந்தையும். தமிழை நைனாவிடமே படித்ததால், மேஸ்திரியிடம் லீவு கேட்கும்போது "இன்னா நைனா, ரொம்ப பேஜாரு பண்ற" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறான். லீவு கிடைக்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி நைனா கல்லில் புரண்டு சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் செல்போன்களில் ஒரு வதந்தி சுற்றியது. வடக்கே இருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று. நைனாவுக்கும் வந்தது. "இவனுங்களே சோத்துக்கு அல்லாடறானுங்க, புள்ளைய வெச்சிகினு இன்னா பண்ணுவானுங்க?" என்று அழித்துவிட்டார். தெரு அழிக்கவில்லை.

ஒரு மாலை பிக்ரம் என் கடை வாசலில் நின்று மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தை அவன் காலைப் பிடித்தது. மகளுக்குக் காட்டுவதற்காக அதைத் தூக்கி போனுக்கு நேரே பிடித்தான். இரண்டு குழந்தைகளும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன. அதற்குள் யாரோ கத்தினார்கள்.

குழந்தையைப் பிடுங்கினார்கள். பிறகு அவனைக் கீழே தள்ளினார்கள். நான் போலீசுக்குப் போன் செய்து, நைனாவையும் அழைத்துவிட்டு, கூட்டத்துக்குள் புகுந்தேன். என் சட்டை கிழிந்ததுதான் மிச்சம். "அண்ணா, என் பாப்பா அண்ணா, போன்ல பாப்பா" என்று பிக்ரம் சொல்லிக்கொண்டே இருந்தான். உடைந்த போனிலிருந்து குழந்தையின் அழுகை கேட்டது.

நைனா செருப்பில்லாமல் ஓடிவந்தார். கெஞ்சவில்லை, தள்ளவில்லை. நேராக பிக்ரமின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"நைனா, நவுரு! புள்ள புடிக்கிறவன்!"

"இவன் என் ஆளுடா! என் கையால டீ குட்ச்சவன்டா!"

யாரோ ஒருவன் ஹெல்மெட்டை வீசினான். அது நைனாவின் காதோரம் விழுந்தது. அவர் எழவில்லை. போலீஸ் வந்து இருவரையும் பிரித்து எடுத்தபோது, எது யாருடைய ரத்தம் என்று தெரியவில்லை.

பிக்ரம் பிழைத்தான். வலது கண் போய்விட்டது. அண்ணன் வந்து ஊருக்கு அழைத்துப் போனார். சென்ட்ரலில் வழியனுப்ப நானும் நைனாவும் போயிருந்தோம். தலையில் கட்டோடு, ரயில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நைனா நின்றார். வண்டி போன பிறகு என்னிடம், "மறுபடி வாடான்னு சொல்றதுக்கு வாய் வர்லபா" என்றார்.

அடித்தவர்களில் சிலர் ஜாமீனில் வந்தார்கள். எல்லோரும் அவர் கண் முன்னால் வளர்ந்த பிள்ளைகள். ஒருவன் வீட்டு வாசலில் வந்து தலைகுனிந்து நின்றான்.

"தெரியாம நட்ந்துச்சி நைனா."

"இன்னா தெர்ல? மன்சன்னு தெர்லியா?"

கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு எங்கள் தெருவில் என்னைத் தவிர அவர் யாரோடும் பேசவில்லை. வடக்கிலிருந்து வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ரமோனுக்கு ஒப்பந்தம் முடிந்தது. போகும்போது நைனாவைக் கட்டிப்பிடித்து ஏதோ சொன்னார். ரமோன் முடித்த பிறகும் நைனா தலையாட்டிக்கொண்டே இருந்தார். நைனாவின் காதில் எதுவும் விழவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஹெல்மெட் பட்ட காது உடனே போயிருந்தது. இன்னொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டு வந்திருக்கிறது. காதுக்கு மிஷின் வாங்கித் தருகிறேன் என்று எழுதிக் காட்டினேன்.

"இன்னாத்துக்கு? இந்த ஊர்ல இனிமே கேக்கறதுக்கு இன்னா கீது?" என்றார், லாரி டிரைவர்கள் திரும்பிப் பார்க்கும் சத்தத்தில்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கடலோரம் வந்துவிடுவார். நானும் போவேன். "இன்னா நூஸு?" என்று என் முகத்தைப் பார்ப்பார். கயிறு விலை, அம்மாவின் முழங்கால் வலி, தங்கை வீட்டுச் சண்டை, கடையை மூடிவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்கிற யோசனை, எல்லாவற்றையும் சொல்வேன். ஒன்றும் அவருக்குக் கேட்காது. சரியான இடங்களில் சிரிப்பார், தப்பான இடங்களில் கையைப் பிடித்துக்கொள்வார். சொல்லி முடிக்கும் வரை நான் எழுந்ததில்லை.