பேய் வேஷத்துக்கு அரைத்த அரிசி

சிவமயம்

சுங்கை பினாங்,
சுபானு வருஷம் ஆனி மாதம்.
(ஜப்பான்காரர் கணக்கில் 2603. வெள்ளைக்காரனைவிட அறுநூற்றுச் சொச்ச வருஷம் முன்னால் போய்விட்டார்கள்.)

அலோர் ஸ்டாரில் இருக்கும் அன்பும் மரியாதையும் மிகுந்த அண்ணன் பக்கிரிசாமி அவர்கள் பாதங்களுக்குத் தங்கை குணவதி வணங்கி எழுதுவது. இவ்விடம் நாங்கள் நால்வரும் உயிரோடிருக்கிறோம். அதைச் சேமம் என்று எழுதுவது வழக்கமாகையால், சேமம். அவ்விடம் அண்ணியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க அம்பாளை வேண்டிக்கொள்கிறேன். தபாலில் போட்டால் வேறு யாரோ முதலில் படிக்கிறார்களாம். ஆகவே ரயில் கார்டு சந்திரசேகரன் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும்.

உங்கள் மாப்பிள்ளை நாடகக் கம்பெனியில் கூத்தாடப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டு நீங்கள் கோபமாக இருப்பதாகத் தம்பி சொன்னார். அண்ணே, கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள். கப்பல் கம்பெனி மூடியபிறகு அவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாத ஆம்பிளையைத் தெருவில் கண்டால் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், போனவர் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு நவமணியின் புருஷன் இலவசமாகச் சினிமா காட்டுகிறார்கள் என்று போனார், படம் முடிந்ததும் கொட்டகைக் கதவைச் சாத்தி அத்தனை பேரையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். “படம் நல்லா இருந்துச்சான்னுகூடச் சொல்லாம போயிட்டாரேக்கா” என்று சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே அழுகிறாள். நாடகக்காரர் கையில் ஜப்பான் முத்திரை குத்திய சிவப்புத் துணி கட்டியிருக்கும், அதைப் பார்த்தால் சிப்பாய் தொடமாட்டான். அந்த முழத் துணிக்காகத்தான் அவர் பிடிலைத் தூக்கிக்கொண்டு போனார்.

கம்பெனி முதலாளி ஷேக் அலாவுதீன் பாய். யுத்தத்துக்கு முன்னே மலாய் பங்சாவான் நாடகம் போட்டுத் தைப்பிங், ஈப்போ என்று ஊர் ஊராய்ப் போனவர். இப்போது நாடகங்களை நடத்துவிக்க ஒரு ஜப்பான் அதிகாரி வந்திருக்கிறார். அவர் ஐரோப்பாவிலும் படித்தவராம், ஆகையால் பிடில் வெள்ளைக்கார வால்ட்ஸ் மெட்டில் இருக்கவேண்டும், நடை மட்டும் ஜப்பான் முறையில் காலைத் தேய்த்துத் தேய்த்து இருக்கவேண்டும், நடுவிலே சீனத் தாளம் வேறு. கறுப்புத் துணியால் முகத்தையும் மூடிய ஆள் ஒருவன் மேடைக்கு வந்து சாமானை எடுத்துக்கொண்டு போவான், எல்லாரும் அவனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கவேண்டுமாம். “ரெண்டு வருஷமா ஊரே அதைத்தானம்மா செய்யுது, இதுக்கு ஒத்திகை எதுக்கு” என்றார் பாய். கதை என்னவென்றால், போரில் செத்த ஜப்பான் சிப்பாய் பேயாக வந்து தாயைப் பார்ப்பது. பேய் வேஷக்காரன் ஓடிப்போய்விட்டான். இருக்கிறவர்களில் எலும்பு அதிகம் தெரிகிறவர் உங்கள் மாப்பிள்ளைதான் என்று அதிகாரி கண்டுபிடித்து, பிடிலை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு அவரைப் பேயாக்கினார். என் சமையலுக்கு முதல் தடவையாகப் பலன் கிடைத்தது.

பேய்க்கு முகம் வெளுத்திருக்க வேண்டும், அதற்கு அரிசி மாவுதான் பூசவேண்டும் என்று ஒரு பை பச்சரிசி வந்தது. அண்ணே, உங்கள் கெடாவில் விளைகிற நெல்லில் ஒரு பிடியை இந்தப் பக்கம் கொண்டுவர விடுவதில்லை, இங்கே மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. பூசை செய்கிற பொம்பளை கை வைக்கமாட்டாள் என்று பாய் அரிசியை அரைக்க என்னிடம் கொடுத்தார். நானும் கை வைக்கவில்லை. அரைத்தேன், சலித்தேன், அளந்து கொடுத்தேன். ஒருநாள் ஒத்திகை முடிந்து அவர் முகம் கழுவாமல் வந்து சின்னவளைத் தூக்கிவிட்டார். பேய் என்று பயந்து வீறிடப்போகிறாள் என்று நான் ஓடினேன். அவள் பயப்படவில்லை. அப்பா கன்னத்தை நக்கினாள். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம் திருப்பச் சொன்னாள்.

மறுநாள் அரைக்க மீதியிருந்த அரிசியைச் சோறாக்கினேன்.

இந்தியாவிலிருந்து விபூதி வருவது நின்றதிலிருந்து பால்காரர் வீட்டுச் சாணத்தை வரட்டி தட்டிச் சுட்டுக் கோயிலுக்கு நான்தான் சலித்துக் கொடுக்கிறேன். சாமி படத்தின் முன்னே நின்று, எடுத்த அரிசிக்கு எடைக்கு எடை விபூதி வைத்துவிட்டேன் தாயே, குறை இருந்தால் என் பேரில் எழுது, அவர் பேரில் எழுதாதே என்று கும்பிட்டு, அதை மாவுப் பையில் கொட்டினேன். கீழே உதிர்ந்தால் மிதிக்காதீர்கள் என்று அவரிடம் சொல்லியே அனுப்பினேன். “பேய்க்குக் கால் தரையில படாது, பேசாம இரு” என்றார்.

நாடகத்தன்று எல்லாரும் வரவேண்டுமென்று உத்தரவு. முன்னால் ஜப்பான்காரர், பின்னால் நாங்கள். பிடில் அழ, தாளம் அதிர, அவர் வந்தார். அரிசி மாவு பளீரென்று இருக்கும்; விபூதி அப்படியா? முகம், கழுத்து, கையெல்லாம் சாம்பல் பூத்துச் சுடுகாட்டிலிருந்து நேரே எழுந்து வந்த மாதிரி இருந்தார். கண்ணில் விழுந்த எரிச்சலில் தாரை தாரையாய்க் கண்ணீர். பேய் அழக்கூடாது என்று அதிகாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், சிவப்புத் துணியை அவிழ்த்து வாங்கிவிடுவார்கள் என்று அம்பாளைக் கூப்பிட்டேன். அதற்குள் எங்கள் வரிசையில் பால்காரர் எழுந்துவிட்டார். மேலெல்லாம் நீறு பூசி ஒருவர் அசையாத முகத்தோடு வந்தால் நம் ஆட்கள் வேறென்ன செய்வார்கள்? கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார். நவமணி கும்பிட்டாள். பின்வரிசை முழுக்க எழுந்து கைகூப்பி நின்றது, கற்பூரம் கொண்டுவரவில்லையே என்று ஒருவர் வருத்தப்பட்டார். அதிகாரி திரும்பிப் பார்த்தார். செத்த ஜப்பான் சிப்பாயைத் தமிழர்கள் தெய்வமாக வணங்குகிறார்கள் என்று நினைத்து அவர் கண்ணும் கலங்கிவிட்டது. முடிந்ததும் இது என்ன மாவு என்று கேட்டார். விஷயத்தை வாசத்திலேயே தெரிந்துகொண்டிருந்த பாய் பேயைவிட வெளுத்துப்போய், “அரிசிதான் துவான், இந்த அம்மா பூசை பண்ணி அரைச்சது” என்றார். அதிகாரி எனக்குக் குனிந்து வணங்கினார். நான் அவரைவிடக் கீழே குனிந்தேன், நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று.

ஆகவே இனிப் பயமில்லை. அதிகாரிக்கே பிடித்துப்போன ஆளை யார் தொடுவார்கள்? மாப்பிள்ளையை அனுப்பு, வயல் பக்கம் ஒளித்துவைக்கிறேன் என்று சொல்லியனுப்பினீர்களே, அதற்கு அவசியம் இராது. விபூதியை வேஷத்துக்குக் கொடுத்ததற்கு என்ன பரிகாரம் என்று அங்கே குருக்களைக் கேட்டு எழுதவும். சோறு ஆக்கியதைப் பற்றிக் கேட்க வேண்டாம். அதற்கு நான் வருத்தப்படவில்லை.

அண்ணிக்கு என் வணக்கம். அம்பாள் உங்கள் வீட்டில் ஆள்கணக்குக் குறையாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத தங்கை
குணவதி

பி.கு.: உறையை ஒட்டுமுன் பாய் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அதிகாரிக்கு அளவில்லாத சந்தோஷமாம். தமிழர்களுக்கு இவ்வளவு பிடித்த நாடகத்தைத் தமிழர்கள் அதிகமாக இருக்கும் இடத்தில் போடவேண்டும் என்று மேலே எழுதி, உத்தரவும் வந்துவிட்டதாம். கம்பெனி சயாமுக்குப் போகிறது. சிவப்புத் துணி கட்டினவர் ஒருவர்கூட இங்கே நின்றுவிடக்கூடாதாம். பயமில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். அக்கரையில் பிறை ஸ்டேஷனிலிருந்து வண்டி, என்றைக்கு என்று சொல்லமாட்டேன் என்கிறார்கள். ஆகையால் இது கைக்கு வந்த நேரத்திலிருந்து வடக்கே போகிற ஒவ்வொரு வண்டிக்கும் உங்கள் ஊர் ஸ்டேஷனில் வந்து நில்லுங்கள். அங்கே என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்குமாம், அதற்குள் எப்படியாவது இறங்கிவிடச் சொல்லியிருக்கிறேன். மீசையை எடுத்துவிட்டார்கள், உங்களுக்கு அடையாளம் தெரியாது, பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். நாடகக்காரருக்கு ஜன்னல் வைத்த பெட்டியாம், பாய் சொன்னார். கூலி ஆட்களை அடைத்துக்கொண்டு போகிற சாமான் பெட்டியில் தேடவேண்டாம். இல்லை அண்ணே, அதிலும் கூப்பிட்டுப் பாருங்கள்.