கீறல் படாத நாணயம்

நீதிபதியின் நாணயத்தில் எழுத்து முளைத்திருந்தது. முந்தின நாள் அது அங்கே இல்லை.

பல் வைத்தியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுத்து இருந்தது.

பெரிய பாலம் ஒன்றைத் திறந்துவைத்தபோது நினைவுக்காக வெளியிட்ட பழைய செப்பு நாணயம் அது. ஒரு பக்கம் பாலம், மறுபக்கம் வெறும் பரப்பு. அந்தப் பரப்பில் அந்தக் காலத்து மனிதர்கள் தங்கள் பெயர், யாருக்கோ சொல்ல நினைத்தது என்று எதையெதையோ பொறித்து வைத்திருப்பார்கள். மற்ற சேகரிப்பாளர்கள் அதைக் கெட்டுப்போன காசு என்று ஒதுக்கிவிடுவார்கள். வைத்தியருக்கு அதுதான் உயிர். யார் பொறித்தது, யாருக்காக, கொண்டுபோய்க் கொடுத்தார்களா இல்லையா என்று பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது.

ஓய்வுபெற்ற நீதிபதி இதற்கு நேர் எதிர். நாணயச் சங்கத்தின் தலைவர். உறை போடாத விரலால் ஒரு காசைத் தொட்டதற்காகவே ஒருவரைச் சங்கத்திலிருந்து நீக்கியவர். அவருடைய பால நாணயத்தில் ஒரு கீறல் கிடையாது. இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்திருப்பார். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று வைத்தியர் மாதக்கணக்கில் கெஞ்சிய பிறகு, முதல் நாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற முகத்தோடு அதை ஒரு வாரத்துக்குக் கொடுத்திருந்தார்.

அதன் முதுகில் இப்போது இரண்டு வரி:

"தேடியது போதும்.
நான் இங்கேதான் இருக்கிறேன்."

நல்ல கை. சுழிகள் எல்லாம் ஒரே ஆழம், கொம்புகள் எல்லாம் ஒரே வளைவு. அந்தப் பதற்றத்திலும் வைத்தியரால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

மனைவி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "பார்த்துட்டீங்களா? எழுத்து நல்லா வந்திருக்கில்ல? கடைத்தெருவில பேர் வெட்டுறவர்கிட்டதான் கொடுத்தேன். அது என்னன்னா..."

வைத்தியர் அவளை முடிக்கவிடவில்லை. இத்தனை வருடமாக ஊர்பேர் தெரியாதவர்களின் அன்பைத் துப்புத் துலக்கிக்கொண்டிருந்த மனுஷனுக்கு இப்போது தனக்கென்றே இரண்டு வரி. எழுந்துபோய் அவள் கையைப் பிடித்தார்.

"இதுக்கு நான் லாயக்கே இல்லை. இப்படி ரெண்டு வரி எனக்குத் தோணியிருக்குமா?"

சொல்ல வந்ததை அவள் நிறுத்திக்கொண்டாள். கையையும் விடுவித்துக்கொள்ளவில்லை.

பாவம், கணவருடைய காசு என்று நினைத்துச் செய்துவிட்டாள். அடுத்தவர் காசு என்று தெரிந்தால் உடைந்துபோவாள். அவளிடம் மூச்சு விடக் கூடாது என்று வைத்தியர் அங்கேயே முடிவு செய்தார். நீதிபதியிடம் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

முதலில் தொலைபேசியில் அவகாசம் கேட்டார். நீதிபதிக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கடைவாய்ப் பல் வலிக்கிறது, நாளைக்கே வருகிறேன், நாணயத்தையும் அப்படியே வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

வைத்தியர் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையில் எடுத்தார். பள்ளம் என்றால் அடைக்க வேண்டும். சொத்தைப் பல்லை அடைக்கிற வெள்ளிக் கலவையைக் குழைத்து, எழுத்து எழுத்தாக அடைத்து, தேய்த்து மெருகேற்றினார். செம்பின் மேல் வெள்ளி. அதுவரை கிட்டே வைத்துப் பார்த்தால்தான் தெரிந்த வரிகளை இப்போது வாசலில் நின்றே படிக்கலாம்.

அடைத்ததை வெளியே எடுக்கப் பல் குடைகிற இயந்திரத்தை வைத்தார். அது வழுக்கி, 'நான்' என்ற சொல்லுக்குக் கீழே அழகாக ஓர் அடிக்கோடு போட்டுவிட்டு நின்றது. கறுப்பாக்கினால் மறைந்துவிடும் என்று ஏதோ ஒரு மருந்தைத் தடவினார். செம்பு கறுத்தது. வெள்ளி இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

இதற்கு நடுவில் மனைவியின் முகத்தில் புதுக் களை. அன்று கூப்பிட்ட முதல் குரலுக்கே வைத்தியர் சாப்பிட வந்து உட்கார்ந்தார். அவள் பேசப் பேசச் சிரித்தார். இவளுக்கு இவ்வளவு வேடிக்கையாகப் பேச வரும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. இவளுக்காகச் சங்கம் என்ன, பல் வைத்தியத்தையே விட்டுவிடலாம் என்று தோன்றியது.

மறுநாள் நீதிபதி தன் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் மூலையில் ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். வைத்தியர் ஒரு தந்திரம் வைத்திருந்தார். முதலில் மரத்துப்போகிற ஊசி, பிறகு வாய் நிறையப் பஞ்சு, உண்மை அதற்கப்புறம்.

"ஐயா, நாணயத்தில கொஞ்சம் எழுத்து வேலை நடந்துபோச்சு," என்று நாணயம் இருந்த டப்பியைத் திறந்து நீட்டினார்.

நீதிபதியின் கண்கள் பிதுங்கின. பஞ்சுக்குள்ளிருந்து நீளமாக ஒரு தீர்ப்பு வந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. 'யார்?' என்பதை மட்டும் விரலை ஆட்டிக் கேட்டார்.

மனைவியைக் காட்டிக்கொடுக்க வைத்தியருக்கு மனம் வரவில்லை. "நான்தான் ஐயா. என் கையாலதான் வெட்டினேன்."

நீதிபதி வரிகளை மறுபடி படித்தார். தேடியது போதும். நான் இங்கேதான் இருக்கிறேன். அடிக்கோட்டைப் பார்த்தார். வைத்தியரைப் பார்த்தார். நாற்காலியில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பின்னால் நகர்ந்துகொண்டார்.

மூலையில் அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. எழுந்து வந்து நாணயத்தை எடுத்துத் தடவிப் பார்த்தார். கணவரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

"தம்பியை முறைக்காதீங்க. வெட்டச் சொன்னது நான். உங்களுக்காகத்தான். அந்த இரும்புப் பெட்டியை விட்டு இது வெளியே வந்ததே இந்த ஒரு தடவைதானே? அதான் டாக்டர் வீட்டம்மாகிட்டச் சொல்லிவெச்சேன்."

வைத்தியர் கையில் பஞ்சோடு அப்படியே நின்றார். அப்படியானால் அந்த இரண்டு வரியும் தனக்கு இல்லை.

அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

"என்ன எழுதுறதுன்னுதான் எனக்குத் தெரியலே, தம்பி. உங்க வீட்டம்மாவைக் கேட்டேன், ஒரு நொடிகூட யோசிக்காம சொல்லிட்டாங்க."