ஆக்‌ஷன் அண்ணனும் ஒரு லாரியும்

ஜொகூர் பாருவிலேயே ‘ஆக்‌ஷன்’ சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிய ஒரே மனிதர் எங்கள் அடுக்குமாடியின் ஆக்‌ஷன் அண்ணன்தான். சோற்றில் கை வைப்பதற்கு முன்னும் சொல்வார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே சொன்னதாகவும் கேள்வி.

பிழைப்புக்கு வீடு வீடாகப் போய் ஜன்னல் திரை மாட்டுவார். லட்சியமோ வெள்ளித்திரை. அடுக்குமாடிப் பையன்கள் நகரத்தில் எப்படி ஆளாகிறார்கள் என்று படமெடுக்கக் கிளம்பிவிட்டார். கைப்பேசியைத் தரை துடைக்கும் மாப்புக் குச்சியில் கட்டினார், கேமரா தயார். கதாநாயகன் நான். நடிப்பைப் பார்த்து இல்லை, என்னிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது.

ஷூட்டிங் என்றால் அவர் வாயில் சினிமாக்காரர்களின் சென்னைத் தமிழ் வந்துவிடும். எங்கள் மலேசியத் தமிழில் பேச்சோடு ஒட்டிக்கொள்ளும் ‘லா’வைப் போடமாட்டார். மற்ற நாளில் எங்களைப் போல ‘லோரி’ என்பவர், அன்றைக்கு மட்டும் ‘லாரி’ என்பார்.

கடைசிக் காட்சி பாக்கி இருந்தது. மகன் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறான், அப்பா வழியனுப்புகிறார். நிஜத்திலும் திங்கட்கிழமை நான் சிங்கப்பூர் தொழிற்சாலை ஒன்றில் சேரவேண்டும், தங்கலும் அங்கேயே. ஞாயிற்றுக்கிழமை எடுக்காவிட்டால் படம் அவ்வளவுதான். அப்பா வேடத்துக்கு என் அப்பாவையே பிடித்து வந்தார். அங்கேதான் சிக்கல். போகிறேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து அப்பா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிறு காலை, சந்தைத் தெரு.

“‘போய்ட்டு வாப்பா’ன்னு சொல்லணும் அங்கிள். அவ்ளோதான்,” என்றார் அண்ணன்.

அப்பா என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு தடவை எடுத்தும் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டாவது தடவை, “சாப்டியா?” என்றார்.

“அது வசனத்துலயே இல்ல அங்கிள்.”

“எனக்கு வேற வரல தம்பி.”

அந்நேரம் பார்த்து மீன் லோரி ஒன்று பின்பக்கமாக என் மேல் ஏறுவதுபோல் வந்தது. அண்ணன் பதறிப்போய், “லாரி, லாரி” என்று கத்தினார். மலாயில் ‘லாரி’ என்றால் ‘ஓடு’. லைசென்ஸ் இல்லாமல் தரையில் கடை விரித்திருந்த அத்தனை பேரும், அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று மூட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓட்டம் பிடித்தார்கள். மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய் அம்மா ஒருவர் வாழைத்தாரும் கையுமாக எங்கள் நடுவே பாய்ந்தார். அப்பா என் கையைப் பிடித்துக் கடையோரம் இழுத்தார்.

“கைய விடாதடா. அப்பா இருக்கேன்ல.”

தெரு காலியான பிறகும் அவர் கையை விடவில்லை. அண்ணன் மாப்புக் குச்சியைத் தாழ்த்தவே இல்லை.

“அண்ணே, கதையில நான் போகணும்ல?” என்றேன்.

“போ லா, யாரு வேணாம்னா?” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் ஊர்த் தமிழில். “ஆனா படம் இங்கயே முடியுது.”

அந்தப் படத்தை எந்த விழாவிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசிக் காட்சியில் பாதித் திரையை வாழைத்தார் மறைக்கிறது. அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. நாங்கள் கைபிடித்து நிற்கும் படம் வேறெதுவும் எங்கள் வீட்டில் இல்லை. ஆக்‌ஷன் அண்ணனுக்குப் படமெடுக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால், இன்றைக்கும் எனக்குக் கோபம் வந்துவிடும்.