ஜூலை மாதத்து வெட்டுக்கிளி

ஒரு புத்தகத்தைப் படித்து விம்மி அழுதுவிட்டு, அழவைத்த குற்றத்துக்காக அதைப் பழிவாங்கக் கிளம்பும் வாசகர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. கம்பாலாவில் இந்த இனத்துக்குத் தலைவர், ஓய்வுபெற்ற நில அளவையாளர் செம்பாலா.

மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள கூடத்தில் வாசகர் வட்டம் கூடும். சமோசா வந்து, தேநீர் வந்து, செம்பாலா தொண்டையைச் செருமினால் மற்றவர்கள் தங்கள் கருத்தை விழுங்கிவிடுவார்கள். ஏரி மீன்களைப் பற்றிய ஆராய்ச்சி நூலா? "முந்நூறு பக்கமும் தகவல். மனுஷ வாசனையே இல்லியே!" காதல் நாவலா? "மனுஷங்கதான் இருக்காங்க. மீன் என்ன விலைன்னு ஒரு தகவல் உண்டா?" ஒரு மருத்துவரின் சுயசரிதையில் ஓயாமல் 'நான், நான்' என்று வருகிறதாம். பின்னே, பக்கத்து வீட்டுக்காரரா வருவார்?

இந்த மாதம், வட்டத்து உறுப்பினர் நல்வோகாவின் முதல் நாவல். தபால் அலுவலக வேலைக்கு நடுவே ஒன்பது வருஷமாக எழுதியது. கடைசிப் பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு புயலில் படகேறுகிறாள்; அத்தோடு முதல் பாகம் முடிகிறது. வியாழக்கிழமை மதியம் அந்த இடத்துக்கு வந்த செம்பாலாவின் கண்ணாடி நனைந்து, தட்டிலிருந்த மத்தோக்கே வாழைக்காய் மசியல் ஆறிப்போய், "யாருங்க செத்தது?" என்று மனைவி பபிர்யே ஓடிவந்தாள்.

"அச்சு ரொம்பப் பொடிசு. கண்ணு எரியுது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏம்மா, அந்தப் பொண்ணு கரை சேந்திருப்பாளா?" என்றார்.

சனிக்கிழமை நல்வோகா எழுந்து நின்றாள். "ரெண்டாம் பாகம் எழுதலாமான்னு தெரியல. இன்னிக்கு நீங்க சொல்றதக் கேட்டுத்தான் முடிவு பண்ணப் போறேன்."

எல்லாரும் செம்பாலாவைப் பார்த்தார்கள். அவருக்கு நெஞ்சு நிறைய இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். வாயில் வந்தது வேறு.

"உன் கதையில வர்ற சந்தைப் பக்கமா நத்தேத்தே ஊர் டாக்ஸி போகாதும்மா."

"அப்படிங்களா, ஐயா."

"நாப்பதாம் பக்கத்துல ஜூலை மாசம் வெட்டுக்கிளி வறுக்கறாங்க. அது நவம்பர்லதானே வரும்?"

"திருத்திடறேன். வேற ஏதாவது... சொல்றதுக்கு இருக்குங்களா?"

அவள் கேட்ட விதத்துக்குக் கல்லும் உண்மையைக் கக்கியிருக்கும். செம்பாலா பக்கங்களைப் புரட்டினார்.

"அச்சு பொடிசு."

"சரிங்கய்யா. எனக்கு முத்திரை குத்தறது நல்லா வருது. இனிமே அதையே பாத்துக்கறேன்." புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் போய்விட்டாள்.

மற்றவர்கள் சமோசாவின் பக்கம் திரும்பினார்கள். செம்பாலா மட்டும் நின்றுகொண்டே இருந்தார். அந்தப் பெண் கரை சேர்ந்தாளா என்று இனி அவருக்குச் சொல்ல உலகத்தில் ஆளில்லை.

பாவி மனுஷன், என்கிறீர்கள். நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, மிக்க மகிழ்ச்சி. ஒருவரிடம் "நீங்க எழுதினது எனக்குப் பிடிச்சிருந்தது" என்று சொல்லிவிட்டு, அடுத்து "ஆனா" என்று ஆரம்பிக்காமல் வாயை மூடிக்கொண்டீர்களே, அது கடைசியாக எப்போது? அவசரமில்லை, நிதானமாக யோசியுங்கள்.