பரோலோவுக்கு ஒரு மணி நேரம்

தோசைக்கல்லில் ஈரக் காகித அட்டை ஒன்று சுருண்டுகொண்டிருந்தது.

"என்ன தம்பி, அப்பளமா சுடுறீக? எடுங்க அங்குட்டு!" என்று சமையல்கார சகாயம்மாள் கத்தினார்.

அருண் ஜோசப் கரண்டியால் அதை எடுத்தான். காலையில் சட்டைப் பையோடு வாஷிங் மெஷினுக்குள் போன அட்டை. ஈரமாக இருந்தபோது நாலு வரி தெரிந்தது. காய வைத்த பிறகு மிஞ்சியது இரண்டே சொல். தார். ரோஜா.

மரிய அனிதாவின் கையெழுத்து. பள்ளத்தூரில் பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக்கியபோது சாப்பாட்டு அறை அவள் பொறுப்பில் இருந்தது. அவள் இறந்ததும் அந்த வேலையை அவள் கணவனுக்கே கொடுத்தார்கள். அதுவரை அருண் சிங்கம்புணரிப் பக்கம் தார் ரோடு போடும் கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர்.

அலமாரியில் ஆறு பாட்டில் பரோலோ இருந்தது. இத்தாலிச் சிவப்பு வைன். கேட்பவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்வதற்காக அனிதா எழுதி வைத்த அட்டை அது. ஏழு மாதமாக அருண் அதைத் தினம் எடுத்துப் பார்த்தான். எழுத்தைப் பார்த்தான், அவ்வளவுதான். வாசித்ததில்லை. யாரும் அந்த வைனைக் கேட்டதுமில்லை.

இன்று மத்தியானம் கேட்டுவிட்டார்கள்.

"கேக்குறது இத்தாலிக்காரருப்பா," என்று மேனேஜர் மீனாட்சிசுந்தரம் ஓடிவந்தார். "எந்த ஊரு, எப்படி இருக்கும்னு சொல்லணுமாம். எந்தப் புண்ணியவான் இதை வாங்கச் சொன்னானோ!"

அருண் பாட்டிலோடு போய் நின்றான்.

"டஸ்கனி, சார். நல்ல வெயில். இனிப்பாக இருக்கும்."

இத்தாலிக் கிழவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "டஸ்கனியா? நான் வடக்கே பியமோந்தேக்காரன். பரோலோ எங்களுக்குப் பக்கத்து ஊர்."

"டஸ்கனிக்கு இந்தப் பக்கம்தான், சார்."

"எந்தப் பக்கம்?"

அருண் கை காட்டினான். அது காரைக்குடி பஸ் போகும் பக்கம்.

மேனேஜர் காதைக் கடித்தார். "பேசாத. ஊத்து."

ஊற்றினான். வைன் வெளிறிய சிவப்பாக இறங்கியது.

"அடப்பாவி, தண்ணி கலந்துட்டியா?" மேனேஜர் பதறிப்போய் ஐஸ் வாளியைத் தூக்கினார். "ரெண்டு கட்டி போடட்டுமா சார்?"

கிழவர் கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். துவர்ப்பில் முகம் சுருங்கியது.

வேறு வழியில்லை. அருண் பையிலிருந்து அட்டையை எடுத்து முதல்முறையாக வாய்விட்டு வாசித்தான்.

"தார். ரோஜா."

கிழவர் நிமிர்ந்தார். "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!"

பிறகு அவரே சொன்னார். வடமேற்கு மலை. மூடுபனி இறங்கும் நாட்களில் பறிக்கும் நெப்பியோலோ திராட்சை. நிறம்தான் மென்மை, சுபாவம் முரடு. "திறந்ததும் கிட்டே சேர்க்காது. ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள்."

ஒரு மணி நேரம் விட்டார்கள். கிழவர் ஒரு மடக்கு குடித்துக் கண்ணை மூடினார். பிறகு கோப்பையை அருணிடம் நீட்டி முகரச் சொன்னார்.

ஏழு மாதமாக அருணுக்குச் சோறும் பினாயிலும் ஒரே வாசனை. மூக்கை வைத்தான். வெயிலில் கொதிக்கும் தார் டிரம். அதற்கு அடியில், காகிதத்தில் சுற்றிய ரோஜா. இன்னொரு தரம் முகர்ந்தான். கோப்பையைத் திருப்பிக் கொடுக்க மறந்து நின்றான்.

"இதைத் தேர்ந்தெடுத்தவருக்கு என் நன்றி," என்றார் கிழவர். "யார்?"

மேனேஜர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். அருணோடு சமையல்கட்டுப் பக்கம் வந்ததும் சகாயம்மாளிடம் குரலைத் தாழ்த்தினார். "யாரு வாங்கச் சொன்னதுன்னு கேட்டாரு. நாந்தான்னு சொல்லிட்டேன். காட்டிக் குடுத்துராதீக."

சகாயம்மாள் திரும்பவில்லை, குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னார்:

"அனிதா புள்ளைல்ல வாங்கச் சொன்னா. கம்பெனிக்காரன் குடுத்த லிஸ்ட்டு பூராம் படிச்சிட்டு, 'இதுவும் தார் நாத்தத்தோட ரோஜாப்பூவக் கொண்டாந்து நிக்குமாம், வாயத் தொறக்க ஒரு மணி நேரம் ஆகுமாம், அப்படியே எங்க வீட்டுக்காரகதான் அக்கா'ன்னு சிரிச்சுக்கிட்டே டிக் அடிச்சா."