எருமையைக் கீழே இறக்கிய விவரம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நான், உங்கள் தங்கை, எருமை மூவரும் சுகம். எருமை நீங்கலாக அங்கேயும் எல்லோரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எருமை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லிவிட்டு, உடனே புறப்பட்டு வந்து உங்கள் தங்கையைக் கொஞ்ச நாள் அங்கே அழைத்துக்கொண்டு போகும்படி கேட்கத்தான் இந்தக் கடிதம்.

பஸ் ஓட்டியது போதும், இனி நிம்மதியாக வீட்டில் உட்காரலாம் என்று ஓய்வு பெற்று வந்தேன். வந்து பார்த்தால் உங்கள் தங்கை நூலகத்துக்குப் பின்னால் நடக்கும் வகுப்பில் சேர்ந்து துணியில் சிற்பம் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறாள். சிற்பம் என்றால் கல்லும் உளியும் என்றுதானே நமக்குத் தெரியும்? இப்போது கண்ட துணியை வெட்டித் தைத்து உள்ளே கந்தலை அடைத்தாலும் சிற்பம்தானாம். முதலில் ஒற்றைச் செருப்பு ஒன்று செய்தாள். கைக்கு அடக்கமாக இருக்கவே நானும் "பிரமாதம்" என்று சொல்லித் தொலைத்தேன். அதுதான் வினையாகிவிட்டது. அடுத்தது படுத்திருக்கும் எருமை, அசல் எருமையின் அளவிலேயே. தோலுக்கு, பயணிகள் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன கிழிந்த குடைகளை என் பழைய பணிமனையிலிருந்தே வாங்கி வந்தாள். வயிற்றுக்குப் பக்கத்து வீட்டுத் திரைச்சீலை. முன்னங்கால்களுக்கு என் காக்கிக் கால்சட்டைகள். "நான் உயிரோடதானே இருக்கேன், அதுக்குள்ள ஏன் எடுத்த?" என்று கேட்டேன். "அதுக்குள்ள இனிமே உங்க வயிறு நுழையாதுங்க, எருமைக்குக் காலாவது ஆகட்டும்" என்கிறாள். ஒவ்வொரு தலையணையாகக் காணாமல் போய், கடைசியில் நான் பழைய செய்தித்தாள் கட்டின் மேல் தலை வைத்துப் படுத்தேன்.

இந்த லட்சணத்தில் ஒரு கண்காட்சி நடத்துபவர்கள் அதைக் கேட்டுவிட்டார்கள். வாசல் வழியே அது போகவில்லை. கயிறு கட்டி பால்கனியிலிருந்து இறக்கினோம். கயிறு என் கையில். பாதி வழியில், கீழ்வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்காரர் வெளியே வந்து, "என்னய்யா நடக்குது மேல?" என்று அண்ணாந்து பார்த்தார். அவருக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், கயிற்றையும் விட்டுவிட்டேன். மனிதரைக் காணோம், செருப்புக் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பதறிக்கொண்டு ஓடினோம். உங்கள் தங்கை நேரே எருமையின் தலைப்பக்கம் போய், "நல்லவேளை, கொம்பு மடங்கல" என்கிறாள்! அடியிலிருந்து, "நானும் நல்லாத்தாம்மா இருக்கேன். மெத்துனு இருக்கு, மெதுவாவே தூக்குங்க" என்று குரல் வந்தது. அன்றைக்கு லாரியில் ஏற்றும்போது வாலைப் பிடித்தவரும் அவரேதான்.

கண்காட்சியில் எருமைக்கு முன்னால் 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்திருந்தார்கள். எல்லோரும் எட்ட நின்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். உங்கள் தங்கையின் முகம் சுருங்கிவிட்டது. அப்போது எதிர் மருத்துவமனையிலிருந்து வேலை முடித்து ஒரு நர்ஸ் வந்தாள். பலகையை அவள் பார்த்ததாகவே தெரியவில்லை. செருப்பைக் கழற்றினாள், எருமையின் வயிற்றில் சாய்ந்தாள், தூங்கிவிட்டாள். காவலாளி ஓடி வந்து, "அம்மா, எழுந்திருங்க" என்றார். உங்கள் தங்கை நடுவில் புகுந்து, "விடுங்க, தூங்கட்டும். வேற எதுக்குச் செஞ்சேன்?" என்று சொல்லிப் பலகையைக் குப்புறக் கவிழ்த்துவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? அவரோடு சேர்ந்து நானும் காவலுக்கு நின்றேன். வந்தவர்களை எல்லாம் "உஸ்" என்று அடக்கினேன். எழுந்தபோது அந்தப் பெண்ணின் கன்னத்தில் தையல் தடம் பதிந்திருந்தது. எருமையைத் தடவியபடி, "எங்க வீட்லகூட இப்படித் தூங்கினதில்லைங்க. யார் செஞ்சது?" என்று கேட்டாள். "எங்க வீட்டம்மாதான்!" என்றேன். குரல் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது, கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

விளைவு என்ன தெரியுமா? நர்ஸுகள் ஓய்வெடுக்கும் அறைக்கு ஒரு எருமை வேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து ஆள் வந்துவிட்டார். வீட்டுக் கூடமெல்லாம் மறுபடி குடைத் துணி. நீங்கள் சொன்னால்தான் உங்கள் தங்கை கேட்பாள். தாமதிக்காமல் வாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், போதுமான தலையணைகளோடு நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
உட்கார இடமில்லாத உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மச்சான், தயவுசெய்து வர வேண்டாம். புது எருமைக்குக் காது தைக்கும் பொறுப்பை உங்கள் தங்கை என்னிடம் ஒப்படைத்திருக்கிறாள். நான் தைத்த இரண்டும் இடது காதாகவே அமைந்துவிட்டன. நீங்கள் அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டால், அதைப் பிரித்துச் சரிசெய்து தர எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?